ட்யூனிங் பாக்கற அளவுக்கு

உக்காருங்கம்மா. பத்து நிமிஷம்தான். பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னுதான சொன்னீங்க? அப்ப உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல... இல்ல, அது வந்து... பரவாயில்ல, உக்காருங்க. கஸ்டமருக்குப் போட்ட சேர்தான். நான்தான் தங்கியிருக்கற ரூமுலேர்ந்து கொண்டாந்தேன். அங்க சும்மா கெடந்துச்சு. நான் ஒத்த ஆளு, எனக்கு எதுக்கு ரெண்டு சேரு?

புழுக்கமா இருக்கா? மழை பேஞ்சாலும் இந்தப் பின்ரூமுக்குக் காத்து வராது. ஃபேனை உங்க பக்கம் திருப்பிடறேன். எனக்கு வேணாம், மரத்தூளு பறந்து கண்ணுல விழும்.

வெளிய ஏதோ ஒரு ஆட்டோ உறுமிக்கிட்டே நிக்குது பாருங்க. ட்யூனிங் பாக்கற எடம்னு ஒரு இது வேணாம்? என்ன, உங்க ஆட்டோவா? அப்ப நான் ஒண்ணும் சொல்லல. அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகாதாமா? மழைக்கு அப்படித்தான். நிக்கட்டும், நிக்கட்டும்.

எமரன்சியா டீச்சர் கிடார்னு நீங்க வாயெடுக்கறதுக்குள்ள எடுத்துட்டு வந்துட்டேன் பாத்தீங்களா? செவுத்துல இத்தனை தொங்குதே, மத்ததுலல்லாம் பேர் எழுதி ஒட்டியிருப்பேன். இல்லன்னா எனக்கே தெரியாது. இதுல மட்டும் ஒட்டல. நீங்க டீச்சரோட பொண்ணுன்னு சொல்றதுக்கு முந்தியே நெனச்சேன். நெத்தி அப்படியே அவங்கதான். சிந்தியாதான? ஓசூரு. பேங்க்ல வேல. சின்னவனுக்கு பால் பல்லு விழுந்து முளைக்க நாளாச்சுன்னு டீச்சர் கவலப்பட்டுட்டு இருந்தாங்களே, முளைச்சிருச்சா? எனக்கு எல்லாம் தெரியும்மா. புதன்கிழமையானா உங்க வீட்டுப் பேச்சுதான்.

நான் சின்னப்பன். அம்மா சொல்லியிருப்பாங்களே. சொல்லலியா?

அது சரி. கிடார் ரிப்பேர்காரனப் பத்தி வீட்டுல பேசறதுக்கு என்ன இருக்கு.

அப்படியே குடுங்க போதும்னு சொல்றீங்க. அப்படிக் குடுக்க முடியாதும்மா. இதுல இப்ப கெடக்கறது நான் டெஸ்ட்டுக்குப் போட்ட பழைய கம்பி. புதுக் கம்பி ஆறும் மாட்டி, ட்யூன் பண்ணித்தான் குடுக்கணும். பாதி வேலையில ஒரு கிடாரும் இந்த வாசப்படியத் தாண்டினதில்ல. அதுவுமில்லாம நீங்க வந்ததும் வராததுமா ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, "கோடையில குடுத்தது, மழையே வந்தாச்சு, இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க"ன்னு. அது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோவமில்ல. ஆனா நடந்தத மொதல்லேர்ந்து சொல்லிடறேன். கம்பி மாட்டிக்கிட்டே சொல்றேன். யாரு பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

ஈஸ்டர் முடிஞ்ச கையோட வந்தாங்க டீச்சர். இதை ஒரு பழைய பெட்ஷீட்ல சுத்தி, மேல சணல் போட்டுக் கட்டி. அப்பா, அந்த முடிச்சு! நான் கத்திரிய எடுத்தேன். "வெட்டாதீங்க, அவுத்துடலாம்"னு அவங்களே உக்காந்து அவுத்தாங்க. அவுத்து முடிக்கறதுக்குள்ள நான் ஒரு வயலினுக்கு வில்லு சரி பண்ணிட்டேன். அப்ப இந்தச் சேர் இல்ல. ஆடற ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாங்க, ஒரு கைய சுவத்துல ஊனிக்கிட்டு.

"என்ன கம்ப்ளெய்ன்ட் டீச்சர்?"னு கேட்டேன். "தெரியல. எங்க வீட்டுக்காரர் வாசிச்சது. அவரு போனதுலேர்ந்து அலமாரி மேல இருந்துச்சு. நீங்க பாருங்க"ன்னாங்க. கம்ப்ளெய்ன்ட் என்னன்னே தெரியாம கிடார் கொண்டாந்த கஸ்டமர் என் சர்வீஸ்ல இவங்க ஒருத்தர்தான். மத்தவன்லாம் எல்லாம் தெரிஞ்ச மாதிரி வந்து எனக்கே பாடம் எடுப்பான்.

பாத்தேன். கம்பி ஆறும் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. கம்பிய முறுக்கற கீ ஒண்ணு இறுக்கமா இருந்துச்சு. அவ்ளோதான். கம்பிய மாத்தி, கீயில ஒரு சொட்டு எண்ண விட்டா முடிஞ்சுது. பத்து நிமிஷ வேல.

ஆனா நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. ஒரு பொருள் கைக்கு வந்தா முழுசாப் பாத்துடணும். இந்தா, இப்படிக் கண்ணுக்கு நேரா வெச்சு இந்தக் கழுத்த நீட்டுப் போக்குல பாத்தேன். லேசா வளைஞ்சிருக்கு. ரொம்பல்லாம் இல்ல, லேசா. பாக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். இதுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, அத திருகி நிமுத்தணும். ஒரே நாள்ல திருகிடக் கூடாது. கொஞ்சம் திருகி, மரத்த ஒரு வாரம் விட்டு, மறுபடி கொஞ்சம். அதனால "அடுத்த புதன்கிழமை வாங்க டீச்சர்"னேன். ஏன் புதன்கிழமைன்னா, கோயில்ல சகாயமாதா நவநாள் செபத்துக்கு வாரா வாரம் இந்தப் பக்கம் வருவேன்னு அவங்கதான் பேச்சுவாக்குல சொன்னாங்க. நான் புடிச்சு வெச்சுக்கிட்டேன். கஸ்டமர் சௌகரியத்தப் பாக்கணுமா இல்லியா?

தடிக்கம்பி மாட்டியாச்சு. பாத்தீங்களா, பேசிக்கிட்டே வேல நடக்குது.

அடுத்த புதன் வந்தாங்க. கொஞ்சம் திருகியிருந்தேன். வாசிச்சுக் காட்டினேன். இங்க ஒண்ணு சொல்லிடறேம்மா, நான் வாசிக்கறவன் இல்ல. சரி பண்றவன். சரியாச்சான்னு பாக்க எல்லாப் பாட்டுலயும் ஆரம்பம் மட்டும் தெரியும். நாலு வரி வாசிச்சா ட்யூனிங் நிக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடும், அதுக்கு மேல எதுக்கு? சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, இங்கிலீஷ் பாட்டு, எது வேணாலும் கேளுங்க, ஆரம்பிச்சுடுவேன். ஒண்ணுகூட முடிக்கத் தெரியாது. கல்யாண வீட்டுல யாராவது கிடாரக் கையில குடுத்து "அண்ணே ஒரு பாட்டு"ன்னா எந்திரிச்சு ஓடிடுவேன்.

அன்னிக்கும் அப்படித்தான், நாலு வரியோட நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்டீங்க?"னாங்க. "அவ்ளோதான் டீச்சர் தெரியும்"னேன். சிரிச்சாங்க. உங்கம்மா சிரிச்சா சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். தெரியுமில்ல? நீங்க கவனிச்சதில்லியா? இனிமே பாருங்க.

வழக்கம் என்னன்னா, ரிப்பேர் முடிஞ்சதும் கிடார கஸ்டமர் கையில குடுக்கணும். அவங்க வாசிச்சுப் பாத்து, தலைய ஆட்டணும். ஆட்டினாத்தான் வேல முடிஞ்சதுன்னு அர்த்தம். நான் எவ்ளோ சரின்னு சொன்னாலும் செல்லாது. டீச்சர் கையில மட்டும் நான் குடுக்கல. ஏன்னா வேல முடியல. முடியாத வேலையக் கையில குடுத்து எப்படி இருக்குன்னு கேக்கறது நாகரிகமா, சொல்லுங்க? அவங்களும் குடுங்கன்னு கேக்கல. ஒரு நாள் கூடக் கேக்கல. அது பெரிய மனுஷத்தனம். மத்தவனா இருந்தா புடுங்காத குறையா வாங்கி டொய்ங் டொய்ங்குன்னு அடிச்சுப் பாப்பான்.

கழுத்து நிமுந்துச்சு. அப்பறம் பாத்தா இந்த பிரிட்ஜ், இந்தா, கம்பியெல்லாம் வந்து முடியற கட்டை, இதுக்கு அடியில ஒரு பேப்பர விட்டுப் பாத்தேன். போயிடுச்சு! ஓரத்துல, ஒரு நகம் அளவுக்கு. அப்படியே விட்டா பத்து வருஷத்துல பிரிட்ஜே பேந்துடும். விட முடியுமா? பசை போட்டு, கிளாம்ப் மாட்டி, காய விட்டேன். ஒரு நாள்ல காஞ்சிடும்னு எழுதியிருப்பான் டப்பாவுல. அவன் எழுதுவான். நான் ஒரு வாரம் விடுவேன். அப்பறம் கம்பி மேல உக்காருதே, இந்த வெள்ளைத் துண்டு, அது பிளாஸ்டிக்கா இருந்துச்சு. எலும்புல போட்டாத்தான் சத்தம் சுத்தமா இருக்கும்னு மெட்ராஸ்ல சொல்லி வெச்சேன். வர லேட்டாச்சு. வந்தது ஒரு மயிரிழை அகலம் கம்மி. திருப்பி அனுப்பிச்சேன்.

இப்படியேதாம்மா ஆடி வந்துச்சு, ஆவணி வந்துச்சு. நான் என்ன சும்மாவா உக்காந்திருந்தேன்?

டீச்சர் வந்தா ஒரு அரை மணி, முக்கால் மணி இருப்பாங்க. வேல எதுவரைக்கும் வந்திருக்குன்னு சொல்லணும்ல. ஒரு டீ. எதிர்க்கடையில நானே போயி சொல்லிட்டு வருவேன், சக்கரை கம்மி, இஞ்சி தட்டிப் போட்டு. இல்லன்னா பாகு மாதிரி குடுத்துடுவான். ஸ்டூல் ஆடுதேன்னுதான் இந்தச் சேர். அவங்களுக்குன்னு இல்ல, யாரு வந்தாலும் உக்காரலாம். ஆனா மத்தவங்க உக்கார வந்தா அது மேல ஏதாவது சாமான் இருக்கும், எடுத்து வெக்கறதுக்குள்ள அவங்களே நின்னுக்கறேம்பாங்க.

மூணு கம்பி ஆச்சு. இன்னும் மூணு. அவசரப்படுத்தினா கம்பி முறுக்கிக்கும்மா.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். லேட் ஆனதுக்கு யாரு காரணம்கறது இதுலதான் இருக்கு. இந்தக் குறுக்குத் தகடு இருக்கு பாருங்க, ஃப்ரெட்டும்போம். விரல இதுக்குப் பக்கத்துல வெச்சு அழுத்தணும். வருஷக்கணக்கா வாசிச்சா கம்பி அழுந்தி அழுந்தி தகடு தேஞ்சு பள்ளம் விழும். விரல வெச்சுப் பாருங்க. இங்க, ரெண்டாவது ஃப்ரெட்டு. தெரியுதா? உங்கப்பா கஸ்பார் சார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் முடிச்சுட்டு வந்து தெனம் வாசிச்சிருக்காரு. எந்த எடத்துல விரல் வெச்சாருன்னு இந்தப் பள்ளத்தப் பாத்தே சொல்லிடலாம். மேல, பத்தாவது, பன்னெண்டாவதெல்லாம் புதுசாட்டம் இருக்கு. அந்தப் பக்கமே போகல மனுஷன். எளிமையான கை.

டீச்சருக்கு இத காட்டினேன். விரல வெச்சுத் தடவிப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல. நான் சொன்னேன், "இந்தப் பள்ளம் இருக்கற வரைக்கும் ரெண்டாவது ஃப்ரெட்டுல ஜர்ருனு ஒரு அதிர்வு இருந்துக்கிட்டே இருக்கும் டீச்சர். அரம் போட்டு எல்லாத்தையும் ஒரே மட்டமா ராவிட்டா போயிடும். அரைநாள் வேல"ன்னு. சட்டுனு, "வேணாம், ராவாதீங்க"ன்னாங்க. "அப்பறம் சத்தம் போகாதே"ன்னேன். "அது இருக்கட்டும் சின்னப்பன்"னாங்க. "அது இருந்தா வேல முடியாது டீச்சர்"னேன். "முடியாட்டிப் போகுது"ன்னாங்க.

முடியாட்டிப் போகுது! கேட்டுக்கிட்டீங்களா? இது யார் சொன்னது? நானா சொன்னேன்? ஒரு கஸ்டமரே இப்படிச் சொன்னா நான் என்ன பண்றது? ராவவும் கூடாது, சத்தமும் போகாது, அப்பறம் எங்கேர்ந்து டெலிவரி? எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, ஒரு கொறையச் சரி பண்ண விடாம அதுல அவங்களுக்கு என்ன பிடிவாதம்னு. படிச்சவங்க. கணக்கு டீச்சரு வேற.

அன்னிக்குத்தான் அந்தப் பாட்டு. சார் கோயில்ல வாசிப்பாராம், ஒரு மாதா பாட்டு. டீச்சர் வாய மூடிக்கிட்டு முனகிக் காட்டினாங்க, நான் கம்பியில புடிச்சேன். நாலு வரி. நிறுத்தினேன். "இன்னும் இருக்கு"ன்னாங்க. அடுத்த வாரம் அடுத்த நாலு வரி முனகினாங்க. அதுக்கு அடுத்த வாரம் சரணம். ராவாத ஃப்ரெட்டு ஜர்ருங்குது, அவங்க கண்ண மூடிட்டுக் கேக்கறாங்க. இப்படியே கடைசி வரைக்கும் வந்துட்டோம். என் ஆயுசுல ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச பாட்டு அது ஒண்ணுதான். அதுவும் ட்யூனிங் பாக்கத்தான். வேற எதுக்கு?

மாதா பொறந்த நாளுக்குப் பாயசம் கொண்டாந்தாங்க, எவர்சில்வர் டப்பாவுல. மெஸ்ஸுல திங்கறவனுக்கு அந்த ருசி மறக்குமா? டப்பா இங்கதான் இருக்கு. கழுவித்தான் வெச்சிருக்கேன். வெறும் டப்பாவத் திருப்பிக் குடுக்கக் கூடாதும்பாங்க, எனக்கோ சமைக்கத் தெரியாது. என்ன போட்டுக் குடுக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சே நாளாயிடுச்சு.

இப்ப நான் கேக்கறேன். இவ்ளோ நல்லாப் போயிட்டிருந்த வேல எங்க கெட்டுச்சு? நம்ம ஓனர் ஜெரால்ட் தம்பியாலதான். முன்னாடி கல்லாவுல உக்காந்திருக்காரே, பாத்திருப்பீங்க. அவங்கப்பா காலத்துலேர்ந்து நான் இங்க இருக்கேன், அதனால என்னை எதுவும் பேசலாம்னு ஒரு இது. ஒரு புதன்கிழமை டீச்சர் உக்காந்திருக்காங்க. ரெண்டு காலேஜ் பொண்ணுங்க உகுலேலே, அந்தக் குட்டிக் கிடாரு, அது வாங்க நிக்குதுங்க. எட்டிப் பாத்துட்டு ஜெரால்ட் தம்பி சொல்றாரு, "புதன்கிழமையானா சின்னப்பண்ணன் இஸ்திரி போட்ட சட்டையிலதான் வருவாரு. அந்தக் கிடார் ரிப்பேர் மட்டும் நம்ம கடை இருக்கற வரைக்கும் முடியாது!" பொண்ணுங்க ரெண்டும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுங்க.

இஸ்திரிக்காரரு செவ்வாக்கிழமை சாயங்காலந்தாம்மா துணியக் குடுப்பாரு. புதன்கிழமை போடாம என்னிக்குப் போடறது? இதுல சிரிக்க என்ன இருக்கு?

எனக்கு மூஞ்சியெல்லாம் சூடாயிடுச்சு. டீச்சரப் பத்தியும் பேச்சு வந்துடக் கூடாதுல்ல? கௌரவமான மனுஷி. அதனால எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சத்தமா சொன்னேன். "டீச்சர், நீங்க இதுக்காக சும்மா சும்மா வர வேணாம். ரெடியானா நானே போன் பண்றேன்"னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். வெயில் வேற அப்படி அடிச்சுது.

அவங்க "சரி"ன்னாங்க. டீய பாதிலயே வெச்சுட்டாங்க. போயிட்டாங்க.

அடுத்த புதன்கிழமை வரல. அதுக்கு அடுத்ததும் வரல. அவ்ளோ கோவமா? நான் டீய சொல்லிட்டு வந்து, ஆறி, ஆடை கட்டி, கீழ ஊத்தினேன். நான் கோயிலுக்கெல்லாம் போற ஆளு இல்லம்மா. ஆனா ரெண்டு புதன்கிழமை நவநாளுக்குப் போனேன். அங்க புது ஸ்பீக்கர் போட்டிருக்காங்களாம், சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கத்தான். பொம்பளைங்க பக்கம் பூரா பாத்துட்டேன். இல்ல.

போன் பண்ணியிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? நம்பர் இருக்கு. எடுத்து எடுத்துப் பாத்தேன். ஆனா என்ன சொன்னேன்? ரெடியானா போன் பண்றேன்னு சொன்னேன். ரெடியாகல. ரெடியாகாம போன் பண்ணா வார்த்தை தப்பினதா ஆயிடாதா? அதுவுமில்லாம போன் பண்ணி ரெடின்னு சொல்லிட்டா, வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்பறம் அவ்ளோதான. கதை முடிஞ்சுது. வேல தரம் என்ன ஆகறது? அதச் சொல்றேன்.

அஞ்சாவது கம்பி. இந்தச் சின்னக் கம்பி ரெண்டும் ரொம்ப நைசு, பாத்து மாட்டணும்.

என்ன சொன்னீங்க?

டீச்சர் எப்ப விழுந்தாங்க? பாத்ரூம்லயா?

அந்த வாரமேவா. அந்த வியாழக்கிழமையா.

காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் யாரும் பாக்கலியா? பால்காரர் வந்துதான்... எனக்கு யாருமே சொல்லலியேம்மா. ஆமா, எனக்கு யாரு சொல்லுவா? சொல்றதுக்கு நான் யாரு. இங்கேர்ந்து உங்க வீடு ரெண்டு தெரு. ரெண்டு தெருதாம்மா. நான் இங்க உக்காந்துக்கிட்டு அவங்களுக்குக் கோவம்னு நெனச்சுட்டிருந்தேன்.

இப்ப நடக்கறாங்களா? கம்பு ஊனிக்கிட்டா. சரி. சரி, நல்லது. ஆபரேஷன் இல்லாம தப்பிச்சாங்களே, அதுவே போதும்.

அதனால கூட்டிட்டுப் போறீங்க. ஒரேயடியாவா? வீட்டக் காலி பண்ணியாச்சா? நான் கிடார மட்டும் வாங்கிட்டுப் போக வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். பசங்க யாராவது கத்துக்கப் போறாங்களோன்னு. நீங்க செய்யறதுதான் சரி. தனியா எப்படி விடறது? நானும் அதத்தான் சொல்லுவேன். ஓசூர் கிளைமேட் நல்லா இருக்கும்.

நல்லா இருக்கும்.

இருங்க, கண்ணுல ஏதோ தூசி. ஃபேனு உங்க பக்கம்தான திரும்பியிருக்கு? இந்த ரூமே இப்படித்தான்.

ஆச்சு. ஆறும் மாட்டியாச்சு. புதுக் கம்பி கொஞ்சம் இழுபடும், அதனால இப்படி ஒவ்வொண்ணா இழுத்து விட்டு, மறுபடி ட்யூன் பண்ணணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒருக்கா பாக்கணும். அடுத்த புதன்கிழமை... அது சரி. அங்க யாராவது இருப்பாங்க. பாக்கச் சொல்லுங்க. ஃப்ரெட்ட மட்டும் தொட விடாதீங்க. ராவறேம்பான், விடாதீங்க. டீச்சருக்குப் புடிக்காது.

இந்தாங்க, டப்பா. உள்ள என்னன்னு பாக்கறீங்களா? கஸ்பார் சார் போட்ட பழைய கம்பி, அந்தத் துருப்பிடிச்சது. மொத நாளே கழட்டி சுருட்டி வெச்சேன், தூக்கிப் போட மனசு வரல. இப்ப பாருங்க, வெறும் டப்பாவாக் குடுக்காம இருக்க இதாவது ஆச்சு.

கிடார வாங்கிக்கங்க. இல்ல, அப்படியே பெட்ஷீட்ல சுத்திடாதீங்க. வாசிச்சுப் பாருங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, கஸ்டமர் தலையாட்டணும். உங்களுக்குத் தெரியாதா? பரவாயில்ல, வீட்டுல டீச்சர் வாசிச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு...

என்னம்மா?

தெரியாதா? டீச்சருக்கா?

ஒரு கம்பியக்கூடத் தொட்டதில்லியா? சார் மட்டுந்தானா?

அப்ப எதுக்கு... இவ்ளோ நாளு நான் கையில குடுக்கலியேன்னு... அவங்களும் கேக்கலியேன்னு நான்...

அப்ப இது சரியாச்சுன்னு யாரும்மா சொல்றது? ஓசூர்ல யாரு வாசிக்கப் போறா? மறுபடி ஒரு அலமாரி மேலதான வெக்கப் போறீங்க? இல்ல, தப்பா சொல்லல. எங்க வெச்சாலும் அது அவங்க பொருளு. ஆனா ஒரு ஆளு கேட்டுட்டு தலைய ஆட்டணும். அதுக்குக் காதிருந்தா போதும், வாசிக்கத் தெரியணும்னு இல்ல. அவங்களுக்குத்தான் தெரியும் இது சரியா இல்லியான்னு. டீச்சரக் கொஞ்சம் கூட்டிட்டு வரீங்களா? பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்?

எங்க, ஆட்டோலயா?

வெளிய நிக்குதே, அதுலயா? நான் பேசிட்டிருந்த இவ்ளோ நேரமுமா? படுதாவ எறக்கி விட்டிருக்கு, நான் யாரும் இல்லன்னுல்ல நெனச்சேன்.

எறங்க மாட்டேன்னாங்களா? கால் வலியா?

"போன் பண்றேன்னு சொன்னாரு, பண்ணல. நான் எதுக்கு எறங்கணும்"னாங்களா. அப்படியேவா சொன்னாங்க? படுக்கையில கெடந்தப்பகூட செல்போன பக்கத்துலயே வெச்சிருந்தாங்களா? நீங்க எடுத்து சார்ஜ் போட்டாக்கூடத் திட்டினாங்களா?

நான் போய்க் கூப்பிடறதா? இல்லம்மா. நான் போயி என்னன்னு கூப்பிடறது? எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு நாலு வரிக்கு மேல பேச வராது. உங்ககிட்ட பேசினேனேன்னு பாக்காதீங்க, அது வேல விஷயம்.

இப்படிப் பண்ணுவோம். எந்திரிங்க. இந்தச் சேர முன்னாடி வாசல்கிட்ட தூக்கிட்டுப் போறேன். தெருவப் பாத்து இருக்கட்டும். எறங்கினாங்கன்னா உக்காரலாம், எறங்கலன்னா போகுது. நான் இந்த ஆடற ஸ்டூல போட்டு உக்காந்துக்கறேன். கண்ணாடிக் கதவ நல்லா தொறந்து வைங்க. சாரல் அடிச்சா அடிக்கட்டும். ஜெரால்ட் தம்பி சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சட்டைதான் கசங்கிக் கெடக்கு. பரவாயில்ல.

அந்தப் பாட்ட முழுசா வாசிக்கறேன். பாதியில நிறுத்த மாட்டேன். ரெண்டாவது ஃப்ரெட்டுல ஜர்ருனு ஒரு சத்தம் வரும், அத அவங்க கேக்கணும். அது கேட்டாத்தான் சரியா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.

நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்கம்மா. அந்த ஆட்டோவ அணைக்கச் சொல்லுங்க. அப்பறம் ஸ்டார்ட் ஆகலன்னா நானே வந்து தள்ளி விடறேன்.